எதிரே வந்த வண்டி

நவம்பர் 4, செவ்வாய்

மாட்டியாகிவிட்டது. இனி எவனும் என் கண்ணில் வெளிச்சத்தை அடித்துவிட்டுத் தப்பிக்க முடியாது.

ஆறு மணிக்கு மேல் காரை எடுத்தாலே நரகம். எதிரே வருகிற ஒவ்வொரு தடியனும் வெள்ளை வெளேரென்று விளக்கைப் போட்டுக்கொண்டு நேராக முகத்தில் அடிக்கிறான். நான் டிம் பண்ணுவேன், அவன் பண்ணமாட்டான். நான் ஓரம் கட்டுவேன், அவன் நடு ரோட்டில் போவான். என் விளக்கோ பதினைந்து வருஷத்துக் கண்ணாடி, மஞ்சள் பூத்துப்போய் அகல் விளக்குக்குத் தம்பி. ரோடு சரியில்லை, தெருவிளக்கும் சரியில்லை. ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வளையம் வளையமாகத் தெரிகிறது, அவ்வளவு மட்டமான பல்ப். மரகதம் என்னைக் கண் டாக்டரிடம் போகச் சொல்கிறாள். என் கண்ணுக்கு என்ன கேடு?

இன்று திருநெல்வேலிக்குப் போய், ஒரு கடையில் பழைய விளக்கைக் கூண்டோடு கழற்றி எறியச் சொல்லிவிட்டேன். இரண்டு பக்கமும் புது செட். வெளிநாட்டுச் சரக்காம். உள்ளே கண்ணாடி உருண்டை, மேலே என்னவோ அன்னிய எழுத்து. நம் ஊர் ஒப்புதல் முத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் இதுல எதுக்கு சார், வெளிச்சத்தைப் பாருங்க" என்றான். பார்த்தேன். மாட்டச் சொன்னேன். பழைய செட்டை அட்டைப் பெட்டியில் போட்டுக் கையில் தந்தான். "எஃப்.சி.க்கு வண்டியைக் காட்டுறப்ப வேணும், பத்திரமா வச்சுக்கிடுங்க" என்றான்.

ஊருக்குள் நுழைகிற குளத்தங்கரை ரோட்டில் ஏறியதும் ஹைபீமைப் போட்டேன். பட்டப்பகல்! எதிரே ஒரு லாரிக்காரன் டிம் பண்ணினான். நான் பண்ணவில்லை. இத்தனை வருஷம் பண்ணினேனே, என்ன கண்டேன்? இரண்டு பைக். அப்புறம் ஒரு ஸ்கூட்டர், ஆமை மாதிரி ஊர்ந்து வந்தது. ஹாரனை ஒரே அமுக்கு. தள்ளாடிக்கொண்டு ஓரத்துக்குப் போயிற்று. அதற்குப் பின்னால் வந்த வேனும் அடங்கி ஒடுங்கி நின்றுவிட்டது. ரோட்டில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை இதுதான்.

7.15. வீடு பூட்டியிருக்கிறது. மேசையில் மரகதத்தின் சீட்டு: "புளியங்கால் பிரசவ கேஸ். 6.50க்குக் கிளம்புகிறேன். சாதம் ஹாட்பாக்சில்." கிராமத்து நர்ஸைக் கட்டினவன் சூடாகச் சாப்பிட்ட சரித்திரம் கிடையாது. வரட்டும், விளக்கைப் போட்டுக் காட்டி அசத்த வேண்டும்.

போன் அடிக்கிறது.

நவம்பர் 5, புதன்

மரகதத்துக்கு வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்திருக்கிறார்கள். நெற்றியில் ஐந்து தையல். ஹெல்மெட் மட்டும் இல்லையென்றால் இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

மரகதம் வழக்கமாக மூச்சுவிடாமல் பேசுகிறவள். இன்று வாக்கியத்துக்கு நாலு வார்த்தை. "எதிர்ல ஒரு காரோ என்னவோ. வெள்ளை வெளிச்சம். ரோடே தெரியல அத்தான். கரைச் சரிவுல விழுந்துட்டேன்."

குளத்தங்கரை ரோடு! அவள் விழுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் நான் அந்த வழியாக வந்திருக்கிறேன். ஐந்து நிமிஷம் பிந்திக் கிளம்பியிருந்தால் அந்த நாயை அங்கேயே மடக்கி, சட்டையைப் பிடித்து இறக்கியிருப்பேன். கண்ணைக் குருடாக்கி, ஒரு பெண்பிள்ளையைக் குளத்தில் தள்ளிவிட்டு, நின்று பார்க்காமல் போயிருக்கிறான். இவனெல்லாம் சோறுதான் தின்கிறானா?

"வேற ஏதாவது ஞாபகம் வருதா? நம்பர், நிறம்?"

"ஹாரன் அடிச்சான்" என்றாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். வலி அப்படி.

முப்பத்து நான்கு வருஷம் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன் நான். என் மனு போய் விழுந்த மேசை எதுவும் சும்மா இருந்ததில்லை. அவன் எவனாக இருந்தாலும் சரி, விடமாட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

இட்லி கொடுத்தேன். இடது கையால் சாப்பிட்டாள், பாதி மடியில். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நவம்பர் 8, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவன் யேசுவடியான். எங்கள் தெருவில் குடியிருக்கிறான், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அன்று எனக்குப் போன் பண்ணினவனும் அவன்தான். வேனை என் கேட்டுக்கு முன்னால் நிறுத்தாதே என்று நான் இரண்டு வருஷமாகச் சொல்லியும் நிறுத்துகிறவன். கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்லத்தான் இன்று கிளம்பினேன். வழியில் குளத்தங்கரை முக்கு டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன். "ஏழு மணி வாக்குல பள்ளிக்கூட வேன் போச்சு சார்" என்றார்.

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. எதற்கு இவன் இவ்வளவு அக்கறையாக ஓடி வந்தான்? குற்றம் செய்தவனுக்குத்தான் பதற்றம் வரும். வேன் எந்தப் பக்கமாகப் போனது என்று கடைக்காரரிடம் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? தெருவில் அவன் வேனைப் போய்ப் பார்த்தேன். விளக்கின் நடுவில், எதிரே வருகிறவனுக்குக் கண் கூசாமலிருக்க அந்தக் காலத்தில் போலீஸ்காரர்கள் ஒட்டிவிடுவார்களே, அந்தக் கறுப்பு வட்டம்கூட இருக்கிறது. திருஷ்டிப் பொட்டு! யாரை ஏமாற்ற? உள்ளே என்ன பல்ப் எரிகிறது என்று வெளியே இருந்து தெரியுமா?

மரகதத்திடம் சொன்னேன். "வேன் எனக்குப் பின்னால வந்துச்சு அத்தான். முன்னால வரல" என்கிறாள். தலையில் அடிபட்டவள். டாக்டரே குழப்பம் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 9, ஞாயிறு

மனு முடிந்தது. நான்கு பக்கம். பொருள்: "கண் கூசும் விளக்கு பொருத்திய பள்ளி வேனை எதிர்த்திசையில் ஓட்டிவந்து, அரசுப் பணியில் இருந்த செவிலியருக்குக் கொடுங்காயம் விளைவித்த ஓட்டுநர் யேசுவடியான் மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக." இந்த "எதிர்த்திசையில்" என்ற வார்த்தையைச் சேர்த்ததும்தான் மனுவுக்கு முதுகெலும்பு வந்தது.

பெறுநர் வட்டாரப் போக்குவரத்து அலுவலர். நகல் காவல் நிலையத்துக்கு, பள்ளித் தாளாளருக்கு, மாவட்ட ஆட்சியருக்கு. நகல் போகாத மனு அனாதை. பாதிக்கப்பட்டவர் கையொப்பம் என்ற இடத்தில் "வலது கையில் கட்டு இருப்பதால் கணவர்" என்று எழுதி நானே போட்டுவிட்டேன். தூங்குகிறவளை எழுப்புவானேன்.

நவம்பர் 12, புதன்

மரகதத்தை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். டிஸ்சார்ஜ் ஆவதற்கே ஆறரை ஆகிவிட்டது. குண்டு குழிக்கு அவள் கை வலிக்குமே என்று ஊர்ந்து வந்தேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தவர்களை எல்லாம் இறங்கி அறையலாம் போல இருந்தது.

வீட்டு முன்னால் வண்டியைத் திருப்பினேன். காம்பவுண்டுச் சுவர் முழுக்க வெளிச்சம். காரை பெயர்ந்த இடம், பல்லி, எறும்பு வரிசை எல்லாம் தெரிந்தது. "எப்படி?" என்றேன்.

அவள் இறங்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த லைட்டை என்னைக்கு மாட்டுனிய?"

"செவ்வாய்க்கிழமை. நீ விழுந்த அன்னைக்கு. அன்னைக்கே உனக்குக் காட்டணும்னு இருந்தேன்."

"எத்தன மணிக்கு வீட்டுக்கு வந்திய?"

"ஏழு, ஏழே கால். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்." இடது கையால் கதவைத் திறந்துகொண்டே, "அத்தான், அந்த மனுவை விட்டுருங்க" என்றாள்.

எனக்கு எரிந்தது. கையை ஒடித்தவனை விட்டுவிடச் சொல்கிறாள். ஊரெல்லாம் ஊசி போட்டு, கிழவிகளிடம் திட்டு வாங்கி, இவளுக்குக் கோபம் என்கிற ஒன்றே மரத்துப்போய்விட்டது. இவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

மரகதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காபி மட்டும் கேட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

யேசுவடியான் காலையிலேயே கேட்டில் வந்து நின்றான். கையில் என் மனுவின் நகல். தாளாளர் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டாராம். விசாரணை முடிகிற வரை வேனும் ஓடக்கூடாதாம்.

"சார், நான் என்ன தப்பு செஞ்சேன், அதை மட்டும் சொல்லுங்க. நர்சம்மாவைத் தூக்கிட்டுப் போனது தப்பா?"

"எதிரே விளக்கை அடிச்சு விழ வச்சது தப்பு."

"நான் எதிர்ல வரல சார். அவங்க பின்னால வந்தேன். எனக்கும்தான் கண்ணு அடைச்சுப்போச்சு. வேன்ல ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்ச ரெண்டு பிள்ளைய இருந்துச்சு, பிரேக்குல கால வச்சு அப்படியே நின்னுட்டேன். வெளிச்சம் போன பொறவு பாத்தா ஸ்கூட்டர் கெடக்கு."

"இதையெல்லாம் விசாரணையில் சொல்லு."

"இருபத்தொரு வருசம் சார். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் கெடையாது." குரல் உடைந்தது. உடையட்டும். "இப்போ செங்கல் சூளையில லோடு ஏத்துதேன். எம் மவ அந்தப் பள்ளிக்கூடத்துலதான் பிளஸ் டூ படிக்கா. 'உங்கப்பா ஆளை அடிச்சுப் போட்டாராமே'ன்னு கேக்காங்களாம்."

கேட்டைச் சாத்தினேன். உள்ளே திரும்பினால் மரகதம் ஜன்னலில் நிற்கிறாள். என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அவள் தட்டில் சோற்றைப் பிசைந்து வைத்தேன். தொடவில்லை. எதற்காக இந்தப் பாடு படுகிறேன்? யாருக்காக?

நவம்பர் 19, புதன்

வண்டிக்கு இன்று எஃப்.சி. மெக்கானிக் தளவாய் நேற்றே வந்து, அட்டைப் பெட்டியிலிருந்த பழைய விளக்கை மாட்டிவிட்டான். "புதுசோட போனா திருப்பி அனுப்பிருவாங்க சார். பாஸ் ஆனதும் வந்து மாத்தித் தாரேன். ஊருல எல்லாரும் செய்யுததுதான்." பாஸ் ஆகிவிட்டது. ஆய்வாளர் நஸ்ரின் என்று ஒரு இளம்பெண். மஞ்சள் பூத்த கண்ணாடியைப் பார்த்து, "இதைப் பாலிஷ் போட்டு, உள்ள கண்ணாடியும் சரியா இருந்தா இதுவே நல்லா எரியும் சார். பல்ப் வயர்ல வோல்டேஜ் ஒழுங்கா வருதான்னும் பாக்கச் சொல்லுங்க" என்றாள். தலையாட்டினேன்.

நவம்பர் 20, வியாழன்

தளவாய் வந்து புது விளக்கைத் திரும்ப மாட்டிவிட்டான்.

நவம்பர் 24, திங்கள்

விசாரணை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதே நஸ்ரின். பகலில் பார்த்தால் தெரியாது என்று மாலை ஆறு மணிக்கு வேனை வரச் சொல்லியிருந்தாள். மழை இருட்டு. மைதானத்துச் சுவருக்கு இருபத்தைந்து அடி தள்ளி வேனை நேராக நிறுத்தி, வேன் விளக்கின் உயரத்தை டேப்பால் அளந்து, சுவரில் அதே உயரத்துக்குச் சாக்பீஸால் கோடு போட்டாள். டிம் லைட்டைப் போடச் சொன்னாள். மஞ்சள் வெளிச்சம் கோட்டுக்குக் கீழேயே நின்றது. இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியது.

"நாம இடப்பக்கமா ஓட்டுறோம் சார். அதனால இடப்பக்கம் ஏறலாம். ரோட்டோரம் நடக்குறவங்க தெரியணும்ல. வலப்பக்கம் ஏறவே கூடாது. அங்கதான் எதிர்ல வர்றவங்க கண்ணு இருக்கு." யேசுவடியானைப் பார்த்து, "இவ்வளவு ஒழுங்கா இருக்கிற விளக்கை நான் இந்த மாசத்துல பார்க்கல" என்றாள்.

"விசாரணைக்காக மாற்றிக்கொண்டு வந்திருப்பான்" என்றேன். "இன்று பழையதை மாட்டுவார்கள், நாளைக்குப் புதியதை மாட்டுவார்கள். இது ஊரறிந்த வித்தை."

"உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

அந்தக் கேள்விக்கும் வழக்குக்கும் சம்பந்தம் கிடையாது.

மனுவைப் புரட்டினாள். "பாதிக்கப்பட்டவங்க வாக்குமூலம் எங்க?"

"கையில் கட்டு. அதனால் நானே கையொப்பம் போட்டேன்."

"வாயிலயும் கட்டுப் போட்டிருக்காங்களா சார்?"

முப்பது வயசு இருக்காது! என்னிடம் வேலை பார்த்த பெண்ணாக இருந்தால் அன்றே மெமோ. வெள்ளிக்கிழமை மரகதத்தை நேரில் அழைத்துவர வேண்டுமாம். பக்கத்தில் யேசுவடியான் நின்றான். செங்கல் தூக்கித் தூக்கி விரலெல்லாம் கிழிந்து, பிளாஸ்டர் சுற்றியிருக்கிறான்.

நவம்பர் 25, செவ்வாய்

சரியான விளக்கு சுவரில் எப்படி விழும் என்று என் வண்டியிலேயே பார்த்து, படம் எடுத்து அந்தப் பெண்ணின் மூஞ்சியில் நீட்டுவது என்று முடிவு செய்தேன். எதிர் அரிசி மில்லின் சுவர் நீளமானது. சாயங்காலம் இருட்டியதும் இருபத்தைந்து அடி அளந்தேன். உயரம் அளந்தேன். கோடு போட்டேன்.

மரகதம் வெளியே வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இடது கையால் தரதரவென்று இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். நான் பிடிக்கப் போனேன், தரவில்லை. நாற்காலியை மில் சுவரோரம், என் வலப்பக்கமாகப் போட்டு, வண்டியைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அங்கே எதுக்கு உட்காருதே?"

"போடுங்க" என்றாள்.

டிம் லைட்டைத்தான் போட்டேன். சத்தியமாக டிம்தான். வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடப்பக்கம் கோட்டுக்குக் கீழே படுத்துக் கிடந்தது. வலப்பக்கம் கோட்டைத் தாண்டி மேலே மேலே ஏறியது. மரகதத்தின் முகத்தில் முழுசாக அடித்தது. நெற்றியில் ஐந்து தையலின் தழும்பும் தெரிந்தது. மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டாள்.

வலப்பக்கமாக ஓட்டுகிற எந்த நாட்டுக்காகவோ செய்த விளக்கு. அங்கே அது ரோட்டோரத்தைக் காட்டும். இங்கே எதிரே வருகிறவர்களின் கண்ணைக் குத்தும்.

"ஹைபீம் போடுங்க."

"மரகதம்..."

"போடுங்க அத்தான். ஹாரனையும் அடிங்க."

அடிக்கவில்லை.

"அடிங்க!" கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் என்னை நோக்கிக் கத்தியது இதுதான் முதல் தடவை. அமுக்கினேன். என் வண்டி ஹாரன் கொஞ்சம் உடைந்த குரல், தொண்டை கட்டினவன் மாதிரி. தெருவில் வேறு எவனுக்கும் அந்த ஹாரன் கிடையாது.

"இதுதான்" என்றாள். "அன்னைக்கும் இதுதான்."

நவம்பர் 26, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 27, வியாழன்

இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

நேற்று முழுக்க அவளிடம் கத்தினேன். "ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்தாயா?" என்று கேட்டேன். வெட்கமில்லாமல் அப்படித்தான் கேட்டேன்.

அவள் இடது கையால் பருப்பைக் களைந்துகொண்டே சொன்னாள். "வேன் பின்னால வந்துச்சுன்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னேன். தலையில அடிபட்டவன்னுட்டிய. ஹாரன் சத்தம் கேட்டப்பவே எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன். சுவத்துல வெளிச்சத்தைப் பாத்த அன்னைக்கு என்னைக்கு மாட்டுனியன்னு கேட்டேன். மனுவை விட்டுருங்கன்னேன். நீங்களா கண்டுபிடிப்பியன்னு இருந்தேன். என் கை எப்படி இருக்குன்னு கேட்டதைவிட அந்த மனுசனை எப்படி மாட்டலாம்னு யோசிச்சதுதான் ஜாஸ்தி. அந்த ஆளு கேட்டுல நின்னு அழுதப்பவாவது நான் ஓடிவந்து சொல்லியிருக்கணும். அது என் தப்பு. அதை நானே அவர்கிட்ட சொல்லிக்கிடுதேன்."

அப்புறம், "கையெழுத்துப் போட எனக்கு இடது கை இருந்துச்சு. பெருவிரல் இருந்துச்சு. நீங்க கேக்கவே இல்ல" என்றாள்.

இந்த நோட்டை எடுத்து நான்காம் தேதியைப் படித்தேன். ஸ்கூட்டர் தள்ளாடியது என்று எழுதியிருக்கிறேன். வேன் அதற்குப் பின்னால் வந்தது என்று என் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறேன். மரியாதை என்று எழுதியிருக்கிறேன்! படுபாவி. அந்த நாயை மடக்கிச் சட்டையைப் பிடிப்பேன் என்று மறுநாள் எழுதியிருக்கிறான் ஒருவன். பிடி. இதோ சட்டை, உன் கழுத்தில்தான் இருக்கிறது.

சம்மட்டியை எடுத்துக்கொண்டு விளக்கை உடைக்கப் போனேன். மரகதம் திண்டுக்கல் பூட்டு மாதிரி வாசலை மறித்து நின்றாள். "அது சாட்சி. ஒடைக்காதிய" என்றாள். தளவாயைக் கூப்பிட்டு இரண்டையும் கழற்றி அதே அட்டைப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். பழையதைப் பாலிஷ் போட்டு, வயரைச் சரி செய்து, சுவரில் கோடு பார்த்து மாட்டினான். நல்லாத்தான் எரிகிறது. இதைச் செய்ய அரை நாள் ஆயிற்று. என் ஆத்திரத்துக்கு அரை நாள் பொறுக்க முடியவில்லை.

பிறகு மனு எழுத உட்கார்ந்தேன். "மேற்படி புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரே வரி. அலுவலக மொழியில் எதையும் மூடிவிடலாம். மரகதம் வாங்கிப் படித்தாள்.

"எதுக்குத் திரும்பப் பெறுதியன்னு இதுல இல்லையே."

கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன், மூன்று பக்கம். பொருள்: "செவிலியர் மரகதத்துக்குக் கொடுங்காயம் விளைவித்த சங்கரநயினார் ஆகிய என் மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக." ஒப்புதல் இல்லாத விளக்கை மாட்டியது, எஃப்.சி. அன்று ஏமாற்றியது, டிம் பண்ணாதது, பொய்யாக "எதிர்த்திசையில்" என்று எழுதியது, அவள் கையொப்பத்தை நான் போட்டது, எல்லாம். இணைப்பு: நாட்குறிப்பு, நவம்பர் 4. பாதிக்கப்பட்டவர் கையொப்பம் என்ற இடத்தில் அவள் இடது கையால் எழுதினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. அதைப் பார்த்தபிறகு என்னால் உட்காரமுடியவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

ஜெராக்ஸ் கடையில் நான்காம் தேதிப் பக்கத்தை ஐந்து நகல் எடுத்தேன். கடைக்காரர் படித்துக்கொண்டே எடுத்தார். படிக்கட்டும்.

நஸ்ரின் மனுவையும் அட்டைப் பெட்டியையும் வாங்கிக்கொண்டார். மரகதத்தின் வாக்குமூலத்தைத் தனியாக எழுதிக்கொண்டார். என் எஃப்.சி. நிறுத்திவைப்பு, வண்டிக்கு மறு ஆய்வு, எனக்கு நோட்டீஸ், போலீசுக்குத் தகவல். "கண் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாம வண்டியைத் தொடாதீங்க" என்றார். சரி என்றேன். யேசுவடியான் மீது குற்றம் இல்லை என்று உத்தரவு அங்கேயே கையெழுத்தாயிற்று.

யேசுவடியான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். மரகதம்தான் முதலில் போனாள், "நான் முன்னாலயே வாயத் தொறந்திருக்கணும், மன்னிச்சிருங்க" என்றாள். "நீங்க விழுந்து கெடந்தவங்க நர்சம்மா" என்றார். நான் மனுவின் நகலை நீட்டினேன். மூன்று பக்கமும் படித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதை யாரு சார் படிப்பா? என்னைய வேலையை விட்டு நிறுத்துனது பேப்பருதான். ஆனா என்னையக் கொலைகாரன்னு பேசுனது பேப்பர் இல்ல. பிள்ளையள விட வருத தாய்மாரு பேசுனாங்க. எம் மவகிட்ட கேட்டாங்க." அவர் குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "திங்கக்கிழமை எட்டரைக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு வாங்க. எழுதிக்கிட்டு வராதிய. வாயால சொல்லுங்க."

டிசம்பர் 1, திங்கள்

போனேன். மரகதமும் வந்தாள்.

எட்டரைக்கு அந்த வாசலில் நூறு பேர் இருப்பார்கள். முப்பத்து நான்கு வருஷம் எழுதினவனுக்கு வாய் திறக்க நாக்கு ஒட்டிக்கொண்டது. தாளாளர் மறுபடி ஓட விட்ட வேன் வந்து நின்றது. யேசுவடியான் இறங்கினார். பக்கத்தில் சீருடையில் அவர் மகள், தலையைக் குனிந்துகொண்டு. அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் எனக்குக் குரல் வந்தது.

"இவர் மீது புகார் கொடுத்தவன் நான்தான்" என்றேன். "அது பொய். என் பெஞ்சாதியை விழ வச்ச வண்டி இவரோடது இல்ல. என்னோடது. கண்ணு கூசுற விளக்கை மாட்டிக்கிட்டு, எதிர்ல யாரு வாராங்கன்னு பாக்காம ஹைபீம் போட்டது நான். விழுந்தவளைத் தூக்குனது இவர். தூக்குனவரைத்தான் நான் மாட்டிவிட்டேன்."

யாரோ ஒரு அம்மா, "தூ!" என்று துப்பினார். துடைத்துக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். மன்னித்த பார்வை இல்லை. நிமிர்ந்தாள், அது போதும். யேசுவடியான் பிள்ளைகளை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டார்.

அங்கிருந்து நேராகப் பஸ் ஏறிக் கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை. வளையம் தெருவிளக்கில் இல்லையாம், என் கண்ணில்தான் இருக்கிறதாம். இதை மரகதம் ஒரு வருஷமாகச் சொல்கிறாள். அடுத்த வாரம் ஆபரேஷன்.

திரும்பும்போது ஏழு மணி. குளத்தங்கரை முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தோம். அவள் விழுந்த இடத்தில் இன்னும் கண்ணாடித் துண்டுகள் கிடந்தன. குனிந்து பொறுக்கினேன். அவள், "இருட்டுல கையைக் கிழிச்சுக்கிடாதிய" என்றாள்.

எதிரே ஒரு வேன் வந்தது. ஆளில்லாத ரோடு, ஹைபீமில் வந்துகொண்டிருந்தது. எங்கள் இருவரையும் கண்டதும் விளக்கு சட்டென்று தாழ்ந்தது. மஞ்சள் வெளிச்சம் எங்கள் காலடியில் விழுந்து, நடக்கிற பாதையைக் காட்டிற்று. பக்கத்தில் வந்தபோதுதான் தெரிந்தது, விளக்கின் நடுவில் கறுப்பு வட்டம். யேசுவடியான் நேராக ரோட்டைப் பார்த்தபடி போனார்.

எனக்காக டிம் பண்ணவில்லை. எதிரில் யார் வந்தாலும் அவர் அப்படித்தான் செய்வார்.